யுவான் வாங் 5: கொழும்பு விதித்த நிபந்தனைகள் எதைத் தொட்டன?

நிகழ்ந்தது

2022ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி, கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் இலங்கை வெளிவிவகார அமைச்சுக்கு ஓர் இராஜதந்திரக் குறிப்பை அனுப்பியது. யுவான் வாங் 5 என்ற விஞ்ஞான ஆய்வுக் கப்பல் ஓகஸ்ட் 11 முதல் 17 வரை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் தரித்து, எரிபொருளையும் பிற தேவைப் பொருள்களையும் ஏற்றிக்கொள்ள விரும்புகிறது என்பதும், தரித்திருக்கும் நாள்களில் கப்பலின் ஆளணியில் மாற்றம் எதுவும் நிகழாது என்பதும் அக்குறிப்பின் சாரம். இவ்வகைக் குறிப்புகள் வெளிவிவகார அமைச்சுக்குப் புதியவை அல்ல. வழக்கம்போல் அது உரிய நிறுவனங்களின் கருத்தைக் கேட்டது. பாதுகாப்பு அமைச்சு ஜூலை 7ஆம் திகதி இரண்டு நிபந்தனைகளுடன் இசைவு தெரிவித்தது. இலங்கையின் பிரத்தியேக பொருளாதார வலயத்துக்குள் இருக்கும்போது கப்பலின் தன்னியக்க அடையாளக் கருவி இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒன்று. இலங்கைக் கடற்பரப்பில் விஞ்ஞான ஆய்வு எதையும் மேற்கொள்ளக்கூடாது என்பது மற்றொன்று. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், பிறருடைய அலைவரிசைக்கு இடையூறு செய்யாமலும் பிறரின் இடையூறிலிருந்து தனக்கென்று பாதுகாப்புக் கோராமலும் இருக்கும் அடிப்படையில், கப்பலின் தொடர்பாடல் கருவிகளுக்கு ஆட்சேபனை இல்லை என்றது.

நாடு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டிருந்தது. ஜூலை 9ஆம் திகதி மக்கள் வெள்ளம் கொழும்புக் கோட்டையிலுள்ள ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ஆம் திகதி அதிகாலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவுக்குச் சென்றார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 12ஆம் திகதியன்று, அந்த மாளிகையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள வெளிவிவகார அமைச்சு சீனத் தூதரகத்துக்கு அனுமதியை அறிவித்தது. அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த வாரத்தில் கோப்பு மட்டும் தன்பாட்டில் நகர்ந்திருக்கிறது. இதில் சதி தேடுவோர் உண்டு. எனக்கு அது வழமையான அலுவலக ஓட்டமாகவே படுகிறது. கவலைக்குரியதும் அந்த வழமைதான்.

ஜூலை இறுதியில் செய்தி வெளியானதும் இந்தியா தன் பாதுகாப்பைப் பாதிக்கும் எந்த நிகழ்வையும் கூர்ந்து கவனிப்பதாகக் கூறியது. இந்திய ஊடகங்கள் கப்பலின் கண்காணிப்பு வீச்சு 750 கிலோமீற்றர் என்று எழுதின. அணுமின் நிலையங்கள் உள்ள கூடங்குளம், கல்பாக்கம், விண்வெளி ஏவுதளம் உள்ள சிறிஹரிகோட்டா ஆகிய பெயர்கள் அன்றாடம் அடிபட்டன. ஓகஸ்ட் 5ஆம் திகதி வெளிவிவகார அமைச்சு, மேலதிக ஆலோசனைகள் முடியும்வரை வருகையைத் தள்ளிவைக்குமாறு சீனத் தூதரகத்தைக் கேட்டுக்கொண்டது. பாதுகாப்புக் காரணம் காட்டி இலங்கைக்கு அழுத்தம் கொடுப்பது நியாயமற்றது என்று பெய்ஜிங் பதிலளித்தது. இலங்கை இறைமையுள்ள நாடு, தன் முடிவுகளைத் தானே எடுக்கிறது என்று புதுடில்லி மறுமொழி கூறியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி தூதரகம் 16 முதல் 22 வரை என்ற புதிய திகதிகளுக்கு விண்ணப்பித்தது. மறுநாளே அனுமதி கிடைத்தது. 15ஆம் திகதி, இந்தியாவின் சுதந்திர தினத்தன்று, கட்டுநாயக்கவில் இந்தியா வழங்கிய டோனியர் 228 கடல் கண்காணிப்பு விமானத்தை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முன்னிலையில் இலங்கை ஏற்றுக்கொண்டது. 16ஆம் திகதி காலை யுவான் வாங் 5 அம்பாந்தோட்டையை அடைந்தது; 22ஆம் திகதி புறப்பட்டுப் போயிற்று.

இந்த இரண்டு மாத நிகழ்வை இந்திய, சீனப் போட்டியின் ஓர் அத்தியாயமாக எழுதியவர்கள் பலர். அது பிழையன்று, ஆனால் அந்த வாசிப்பில் சட்டம் காணாமல் போய்விடுகிறது. கடற்சட்டம் கொழும்புக்குக் கொடுத்திருந்த அதிகாரம் எவ்வளவு, அதை அது எங்கே பயன்படுத்தியது, எங்கே பயன்படுத்தவில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள்.

துறைமுக வாசல்

பொது விவாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட வாதம், சர்வதேசக் கடற்சட்டப்படி எந்த நாட்டுக் கப்பலுக்கும் கடந்து செல்லும் உரிமை உண்டு, ஆகையால் இலங்கை மறுத்திருக்க முடியாது என்பது. இது பாதி உண்மை. பாதி உண்மை இங்கே முழுப் பிழையாகிவிடுகிறது.

1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயத்தை இலங்கை 1994 ஜூலையில் ஏற்றுறுதி செய்தது. அதற்கு வெகு முன்னரே, 1976ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கடல் வலயங்கள் சட்டமும் அதன் கீழ் 1977 ஜனவரி 15ஆம் திகதி வெளியான பிரகடனமும் நம் கடலை வகுத்துவிட்டன. கடல் எல்லைகளை அளக்கத் தொடங்கும் கரையோரக் கோடான அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர், ஆட்புலக் கடல். 24 கடல் மைல் வரை அண்மித்த வலயம். 200 கடல் மைல் வரை பொருளாதார வலயம். பாக்கு நீரிணை, பாக்கு விரிகுடா, மன்னார் வளைகுடா ஆகியவற்றின் நம் பக்கத்து நீர் வரலாற்று நீர்ப்பரப்பு என்று தனியே சொல்லப்பட்டது. சமவாயத்தை உருவாக்கிய மூன்றாவது ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க என்பதையும் சொல்லிவைக்கலாம். இந்தத் துறையில் கொழும்பு விவரம் அறியாத ஊர் அன்று.

ஆட்புலக் கடலில் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் தீங்கற்ற கடவுரிமை உண்டு என்று சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை கூறுகிறது. கடவு என்பது தொடர்ச்சியாகவும் தாமதமின்றியும் செல்வது. வழக்கமான கப்பலோட்டத்துக்கு அவசியமானாலோ, விபத்து, இடர் போன்ற காரணங்களாலோ மட்டுமே நிற்கவும் நங்கூரமிடவும் இடமுண்டு. நீர்மூழ்கிகள் மேலே வந்து கொடியைக் காட்ட வேண்டும். கரையோர நாட்டின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் ஊறு செய்யும் செயல்களை 19ஆம் உறுப்புரை பட்டியலிடுகிறது: ஆயுதப் பயிற்சி, வேவுத் தகவல் திரட்டல், மீன்பிடி, வேண்டுமென்றே செய்யும் பாரதூரமான மாசு, ஆய்வு அல்லது அளவைப் பணி எனப் பன்னிரண்டு. தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில், கிழக்காசியாவையும் சூயெஸ் கால்வாயையும் இணைக்கும் கப்பல் ஒழுங்கை நம் ஆட்புலக் கடலுக்குள்ளாகவே செல்கிறது. அங்கே இரவும் பகலும் போகும் கப்பல்கள் எவையும் கொழும்பிடம் அனுமதி கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை.

துறைமுகம் வேறு. அடிக்கோட்டுக்கு உள்ளேயுள்ள நீர் உள்நாட்டு நீர். அங்கே கடவுரிமை கிடையாது. துறைமுகத்தை நோக்கி வரும் பயணமும் கடவு என்ற வரையறைக்குள் அடங்கும்தான். ஆனால் 25ஆம் உறுப்புரை, துறைமுக அனுமதிக்கு விதித்த நிபந்தனைகள் மீறப்படாமல் தடுக்கத் தேவையான நடவடிக்கைகளை எடுக்கும் உரிமையைக் கரையோர நாட்டுக்குக் கொடுக்கிறது. சர்வதேச நீதிமன்றமும் நிக்கரகுவா வழக்கின் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தன் துறைமுகங்களுக்குள் யார் வரலாம் என்பதை ஒழுங்குபடுத்துவது கரையோர நாட்டின் இறைமையின் பகுதி என்று கூறியது. இடரில் மாட்டிய கப்பலுக்குப் புகலிடம் கொடுக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. யுவான் வாங் 5 எந்த இடரிலும் இருக்கவில்லை. ஆகவே ஜூலை 12ஆம் திகதி கொழும்பு மறுத்திருக்கலாம். நிபந்தனைகளை இன்னும் இறுக்கியிருக்கலாம், வேறு துறைமுகத்தைக் காட்டியிருக்கலாம், காரணம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். சட்டம் எதையும் தடுக்கவில்லை.

அம்பாந்தோட்டையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். 2017 ஜூலை 29ஆம் திகதி கையொப்பமான உடன்படிக்கையின்படி, 112 கோடி அமெரிக்க டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது துறைமுகத்தை இயக்கும் வணிக உரிமை. அந்த நீரின் மீதுள்ள இறைமை எவருக்கும் மாற்றப்படவில்லை. வெளிநாட்டு அரசுக் கப்பல் வரலாமா என்பதைத் தீர்மானிப்பது அங்குள்ள முனையத்தை நடத்தும் நிறுவனம் அன்று, கொழும்பு அமைச்சுகள்தான். சீனத் தூதரகம் முறையாகக் குறிப்பு அனுப்பிக் காத்திருந்ததே இதற்கு நல்ல சான்று.

போர்க்கப்பலா, ஆய்வுக் கப்பலா?

நம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வெளிநாட்டுப் போர்க்கப்பல் எதுவும் அமைச்சரின் முன் இணக்கம் இல்லாமல் ஆட்புலக் கடலுக்குள் நுழையவோ அதனூடாகச் செல்லவோ கூடாது என்கிறது. இது சமவாயத்தைவிடக் கடுமையானது. அமெரிக்கா இதை ஏற்பதில்லை. 1989 செப்டெம்பரில் சோவியத் ஒன்றியத்துடன் சேர்ந்து வெளியிட்ட விளக்கத்தில், போர்க்கப்பல்களுக்கும் முன்னறிவித்தலோ அனுமதியோ இன்றிக் கடவுரிமை உண்டு என்று கூறியது. இந்தியாவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் போர்க்கப்பல்களிடம் முன்னறிவித்தல் கேட்கிறது. சீனாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டமோ நம்முடையதைப் போலவே முன் அனுமதியையே கேட்கிறது. இந்தியப் பெருங்கடலில் கப்பலோட்டச் சுதந்திரத்தைப் பற்றி எந்தத் தலைநகர் பேசினாலும், தன் கரையில் அது எதைக் கேட்கிறது என்பதையும் சேர்த்து வாசித்தால் பேச்சின் எடை தெரிந்துவிடும்.

யுவான் வாங் 5 போர்க்கப்பலா? சமவாயத்தின் 29ஆம் உறுப்புரை நான்கு அடையாளங்களைச் சொல்கிறது: நாட்டின் ஆயுதப்படைக்குச் சொந்தமாயிருத்தல், அதற்குரிய வெளி அடையாளங்களைத் தாங்கியிருத்தல், அரசு நியமித்த படை அதிகாரியின் கட்டளையில் இருத்தல், படை ஒழுக்கத்துக்கு உட்பட்ட ஆளணியைக் கொண்டிருத்தல். 2007இல் சேவைக்கு வந்த, 222 மீற்றர் நீளமுள்ள இந்தக் கப்பல் வெள்ளை நிற உடலும் பெருந்தட்டு அன்டெனாக்களும் கொண்டது. விண்கலங்களையும் ஏவுகணைகளையும் பின்தொடர்வது இதன் தொழில். சீனா இதை ஆய்வுக் கப்பல் என்கிறது. இவ்வரிசைக் கப்பல்களை அப்போது மக்கள் விடுதலை இராணுவத்தின் மூலோபாய ஆதரவுப் படை இயக்கியது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அறிக்கைகள் கூறின. நான்கு அடையாளங்களும் ஒருங்கே பொருந்துகின்றனவா என்பதை வெளியிலிருந்து உறுதிப்படுத்த முடியாது. அதனால்தான் கப்பலின் பெயர்ப்பலகையை வைத்துச் சண்டையிடுவதில் பயனில்லை என்பேன். எந்த நோக்கில் பார்த்தாலும் இது வணிக நோக்கமற்ற அரசுக் கப்பல். அந்த ஒன்றே மற்றவற்றைத் தீர்மானிக்கப் போதும்.

ஏனெனில், போர்க்கப்பலுக்குள்ள விலக்குரிமை வணிக நோக்கமற்ற அரசுக் கப்பலுக்கும் 32ஆம் உறுப்புரையின்படி உண்டு. துறைமுகத்தில் கட்டியிருந்தாலும் சுங்கமோ பொலிஸோ கப்பலின் தலைவரின் இசைவின்றி உள்ளே ஏறிச் சோதிக்க முடியாது. அர்ஜென்டினாவின் பயிற்சிப் போர்க்கப்பலான லிபர்டாடைக் கடன்காரர் ஒருவரின் வழக்கில் கானா தன் டேமா துறைமுகத்தில் தடுத்துவைத்தபோது, சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம் 2012 டிசெம்பரில் அதை விடுவிக்கும்படி உத்தரவிட்டது. துறைமுகத்துக்குள் இருப்பதால் விலக்குரிமை குறைந்துவிடாது என்பதை அந்த உத்தரவு காட்டியது.

இதற்கு நேரெதிரான நிலையைக் கொழும்பு யுவான் வாங் 5 வருவதற்கு முந்திய ஆண்டுதான் பார்த்திருந்தது. 2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 9.5 கடல் மைல் தொலைவில், ஆட்புலக் கடலுக்குள், சிங்கப்பூர்க் கொடி தாங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அது வணிகக் கப்பல். ஆகவே அதன் தலைவர் கொழும்பு நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டார். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. அரசுக் கப்பலிடம் இந்த வழிகள் எவையும் இல்லை. போர்க்கப்பல் விதியை மீறினால் உடனே வெளியேறும்படி கேட்கலாம். போர்க்கப்பலாயினும் பிற அரசுக் கப்பலாயினும் அது விளைவித்த சேதத்துக்குக் கொடி நாடு பொறுப்பு என்று கோரலாம். அவ்வளவே. பிறகு பிடிக்க முடியாத கப்பலை வாசலிலேயே கேள்வி கேட்க வேண்டும். கேட்பதற்கு உள்ள ஒரே இடம் அனுமதிக் கடிதம்.

நிபந்தனைகள் தொட்டதும் தொடாததும்

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இப்போது திரும்பிப் பார்க்கலாம்.

அடையாளக் கருவியை இயக்கி வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பயனுள்ளது. ஏ.ஐ.எஸ். என்று கப்பற்காரர் சொல்லும் அந்தக் கருவி கப்பலின் பெயர், இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றை ஒலிபரப்புகிறது. அதைக் கொண்டு கப்பல் நேராக வந்ததா, ஓரிடத்தில் சுற்றிச் சுற்றித் திரிந்ததா என்று யாரும் கண்டுகொள்ளலாம். கடலடியை அளப்பவர்கள் வயலில் ஏர் ஓட்டுவதுபோல வரிவரியாகப் போவார்கள். பாதையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பொருளாதார வலயத்தில் கப்பலோட்டம் சுதந்திரம்; வெறுமனே கடந்து செல்லும் கப்பலுக்கு அங்கே இலங்கை இவ்வாறு கட்டளையிட முடியாது. துறைமுகம் வேண்டும் என்று கேட்டவரிடம் மட்டுமே, அனுமதியின் விலையாக, அதைக் கேட்க முடிந்தது. துறைமுக வாசலில் உள்ள அதிகாரத்தை 200 கடல் மைல் வரை நீட்டிய இந்த நிபந்தனையை எழுதிய அதிகாரி யாராயிருந்தாலும் விவரம் அறிந்தவர்.

இரண்டாவது நிபந்தனையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. இலங்கைக் கடற்பரப்பில் விஞ்ஞான ஆய்வு கூடாது என்பது கேட்பதற்குக் கண்டிப்பாக இருக்கிறது. ஆட்புலக் கடலில் ஆய்வுக்குக் கரையோர நாட்டின் வெளிப்படையான இணக்கம் வேண்டும் என்று 245ஆம் உறுப்புரையே கூறுவதால், அப்பகுதியைப் பொறுத்தவரை நிபந்தனை புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பொருளாதார வலயத்திலும் கடல்சார் ஆய்வுக்கு 246ஆம் உறுப்புரையின்படி இணக்கம் தேவை. சரி, யுவான் வாங் 5 செய்யும் வேலை கடல்சார் ஆய்வா? அது கடலைப் பார்க்கும் கப்பல் அன்று. வானத்தைப் பார்க்கும் கப்பல். உயரத்தில் செல்லும் செயற்கைக்கோளையோ ஏவுகணையையோ பின்தொடர்வதைக் கடல்சார் விஞ்ஞான ஆய்வு என்று வாதிடுவது கடினம். கடல்சார் ஆய்வு எதுவென்று சமவாயம் வரையறுக்கவும் இல்லை. எனவே கப்பல் தன் தொழிலை முழுமூச்சாகச் செய்திருந்தாலும் இந்த நிபந்தனையை மீறவில்லை என்று சீனா நேர்மையாகவே சொல்லியிருக்க முடியும். அது அவ்வாறு செய்தது என்று நான் சொல்லவில்லை. அது செய்யாதிருக்கும்படி நாம் கேட்கவே இல்லை என்று சொல்கிறேன்.

கப்பலின் உண்மையான தொழிலுக்கு மிக அருகில் வந்தது, எவரும் பேசாத மூன்றாவது நிபந்தனை: அலைவரிசை பற்றியது. ராடர்களும் தொலைத்தொடர்புக் கருவிகளும் எந்த அலைவரிசையில், எப்போது இயங்கலாம் என்பது ஒரு நாட்டின் எல்லைக்குள் அந்நாட்டின் ஒழுங்குபடுத்துநரின் கையில் இருக்கிறது. கொழும்பின் ஆணைக்குழு, பிறருக்கு இடையூறில்லாதவரை ஆட்சேபனை இல்லை என்ற வழமையான வாசகத்தோடு நின்றுகொண்டது. துறைமுகத்தில் கட்டியிருக்கும் நாள்களில் கப்பலோட்டத்துக்கும் பாதுகாப்புத் தொடர்புக்கும் வேண்டியவை தவிர்ந்த எல்லாக் கருவிகளும் அணைத்திருக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் இன்னொரு வரி சேர்த்திருக்கலாம். மீறப்பட்டால் கரையிலிருந்தே அளந்து கண்டுபிடிக்கத்தக்க நிபந்தனையாகவும் அது இருந்திருக்கும்; கப்பலுக்குள் ஏற வேண்டியதில்லை. நிபந்தனையை எழுதுவதைவிட அதைச் சரிபார்க்கும் வழி கையில் இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய காரியம். டோனியர் விமானம் ஒன்று மட்டும் அந்த வேலையைச் செய்துவிடாது.

அயல்நாட்டின் அச்சம் சட்டமாகுமா?

19ஆம் உறுப்புரையின் பட்டியலில், பாதுகாப்புக்கு ஊறாகத் தகவல் திரட்டுவதும் இருக்கிறது. இந்தியத் தரப்பு எழுத்தாளர்கள் பலர் இதைச் சுட்டினர். வாசகத்தை நிறுத்தி வாசிக்க வேண்டும்: அங்கே பேசப்படுவது கரையோர நாட்டின் பாதுகாப்பு. அம்பாந்தோட்டையைப் பொறுத்தவரை கரையோர நாடு இலங்கை; இந்தியா அன்று. வங்காள விரிகுடாவில் நடக்கும் இந்திய ஏவுகணைச் சோதனையை நம் கடலிலிருந்து ஒருவர் பார்த்தால் அது இந்தியாவுக்குத் தொல்லை. சமவாயத்தின் கண்ணில் அதனால் மட்டும் நம் கடலின் கடவு தீங்குள்ளதாகிவிடாது.

ஆனால் இந்தியாவின் கோரிக்கைக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலையோ இலங்கையின் வேறெந்தத் துறைமுகமோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடப்படமாட்டாது என்று இலங்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. தமிழர்கள் அந்த ஒப்பந்தத்தை மாகாண சபைகளுக்காகவும் அமைதிப்படைக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள்; டில்லியின் பாதுகாப்பு வட்டாரம் துறைமுகங்களைப் பற்றிய இந்த வரிக்காக நினைவில் வைத்திருக்கிறது. எரிபொருள் ஏற்றுவது இராணுவப் பயன்பாடா, பாதகம் எது என்று முடிவுசெய்வது யார் என்பன போன்ற கேள்விகளுக்குக் கடிதத்தில் விடை இல்லை. 2014 செப்டெம்பரிலும், மீண்டும் ஒக்டோபர் இறுதியிலும் சீன நீர்மூழ்கி ஒன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. 2017 மே மாதத்தில் இன்னொரு நீர்மூழ்கிக்கான கோரிக்கையைக் கொழும்பு மறுத்தது. ஒரே கடிதம், ஒரே துறைமுகம், இரண்டு விடைகள். இடையில் மாறியது ஆட்சி. எழுதிய விதி எதுவும் மாறவில்லை.

யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ இதை வாசிக்கும் ஒருவர், பெரிய கப்பலுக்கு இவ்வளவு நுணுக்கமா என்று கேட்கக்கூடும். தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகள் எல்லையைத் தாண்டும்போது, 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டம் நேராகப் பாய்கிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டங்கள் பன்மடங்காகிவிட்டன. அங்கே மீன்பிடியும் 19ஆம் உறுப்புரையின் பட்டியலில் உள்ள செயல்தான், படகுக்கு விலக்குரிமை கிடையாது, சட்டம் தெளிவு. வடக்கின் கடற்றொழிலாளர்கள் அச்சட்டத்தைக் கேட்டுப் பெற்றவர்கள். அது பலவீனமாகிவிடக் கூடாது. தெற்கின் பெரிய கப்பலுக்கு அதேயளவு தெளிவான சட்டம் இல்லை என்பதுதான் ஒப்பிட்டுப் பார்க்கையில் உறுத்துவது.

தடையும் அதன் விதிவிலக்கும்

யுவான் வாங் விவகாரத்தின் பின் கொழும்பு பாடம் கற்க முயன்றது. வெளிநாட்டு இராணுவ, ஆய்வுக் கப்பல்களுக்கான நியம நடைமுறை ஒன்று தயாரிக்கப்பட்டிருப்பதாக 2023இல் வெளிவிவகார அமைச்சர் அலி சப்ரி கூறினார். அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி ஷி யான் 6 என்ற சீன ஆய்வுக் கப்பல் கொழும்புக்கு வந்தது. இம்முறை வருகை வெறும் பொருள் ஏற்றலன்று. கொழும்பு காக்கைத்தீவிலுள்ள தேசிய நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவின் விஞ்ஞானிகளோடு மேற்குக் கரைக்கு அப்பால் இரண்டு நாள் கூட்டாய்வு நடந்தது. சட்ட நோக்கில் இது யுவான் வாங்கைவிடச் சீரான வருகை என்பது என் கருத்து: ஆய்வு என்று சொல்லி வந்தது, இணக்கம் கேட்டது, நம்மவர்கள் கப்பலில் இருந்தார்கள். ஆய்வில் பங்குபற்றவும் தரவுகளைப் பெறவும் கரையோர நாட்டுக்குள்ள உரிமையை 249ஆம் உறுப்புரை இதற்காகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் எதிர்ப்பு முன்னதைப் போலவே எழுந்தது. அமெரிக்காவும் கவலை தெரிவித்தது.

அடுத்ததாக ஷியாங் யாங் ஹொங் 3 என்ற சீன ஆய்வுக் கப்பல் வர விரும்பியது. கொழும்பு இம்முறை வாசலையே சாத்தியது: 2024 ஜனவரி 1 முதல் ஓராண்டுக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி இல்லை. நம் விஞ்ஞானிகள் சமமான பங்காளிகளாகப் பங்குபற்றும் திறனை வளர்த்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் கப்பல் மாலே துறைமுகத்துக்குப் போயிற்று. சில வாரங்களில் ஜெர்மனியின் சொன்னே என்ற ஆய்வுக் கப்பலுக்குக் கொழும்பில் தரிக்க இடம் கொடுக்கப்பட்டபோது சீனத் தூதரகம் ஆட்சேபித்தது. அது ஆய்வுக்காக வரவில்லை, பொருள் ஏற்ற மட்டுமே வந்தது என்பது கொழும்பின் விளக்கம். ஆய்வுக்கும் பொருள் ஏற்றலுக்கும் இடையேயான இந்த வேறுபாடு சட்டத்தில் சரியானதே. சிக்கல் என்னவென்றால், யுவான் வாங் 5 வந்ததும் பொருள் ஏற்றத்தான்.

தடை 2024 டிசெம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியானது. நியம நடைமுறை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் அது பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று. ஒரு அமைச்சரவை எழுதியதை இன்னொரு அமைச்சரவை ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்றும் போர்க்கப்பலை மட்டுமே பெயர் சொல்கிறது. வணிக நோக்கமற்ற எல்லா அரசுக் கப்பல்களையும் அந்தப் பிரிவின் கீழ் கொண்டுவருவதும், துறைமுக அனுமதிக்கான குறைந்தபட்ச அவகாசத்தையும் கருவிகள் பற்றிய வெளிப்படுத்தலையும் ஒழுங்குவிதியாக வர்த்தமானியில் இடுவதும், அனுமதியின் நிபந்தனைகளை அனுமதி வழங்கிய அன்றே வெளியிடுவதும் கடினமான வேலைகள் அல்ல. 2022இல் நிபந்தனைகளைப் பொதுமக்கள் அறிந்துகொண்டது, தகராறு முற்றிய பின்னர் ஓகஸ்ட் 13ஆம் திகதி வெளியான அமைச்சின் அறிக்கையிலிருந்துதான்.

தாமதமும் இங்கே பாதுகாப்பான வழியன்று. பொருளாதார வலயத்தில் ஆய்வு செய்ய விரும்பும் நாடு ஆறு மாதங்களுக்கு முன் முழு விவரத்தையும் தர வேண்டும் என்று 248ஆம் உறுப்புரை கேட்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட கரையோர நாடு நான்கு மாதத்துக்குள் மறுக்காமலும் மேலதிக விவரம் கேட்காமலும் இருந்துவிட்டால், ஆறு மாதம் முடிந்ததும் ஆய்வைத் தொடங்கலாம் என்று 252ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆட்புலக் கடலில் மௌனம் மறுப்பு. அதற்கு அப்பால் 12 முதல் 200 கடல் மைல் வரையுள்ள பரப்பில் மௌனம் சம்மதம். சங்கடமான கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு காலம் கடத்துவது கொழும்பு அலுவலகங்களின் பழக்கம். விவரங்களைக் கிரமமாக அனுப்பிவிட்டு நாள்காட்டியைப் பார்த்துக் காத்திருக்கத் தெரிந்த ஒரு தூதரகத்திடம் அந்தப் பழக்கம் செல்லாது.